காலையில் கடலை மோர்: அவருக்கு ஒரு டம்ளர், உங்களுக்கு ஒரு டம்ளர்



விடியற்காலை ஐந்து மணி. உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று சற்று நினைத்துப் பாருங்கள்.

"ஏ புள்ள, பசிக்குது. ஏதாச்சும் இருந்தா குடு."

"இருங்க மாமா, இப்பத்தான் அடுப்பே பத்த வெச்சேன். இட்லி வேக இன்னும் அரை மணி ஆவும்."

"அதுக்குள்ள மொறத் தண்ணி போயிரும். டீக்கடையில பாத்துக்கறேன்."

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பி விடுகிறார். டீக்கடையில் ஒரு டீ, இரண்டு பன். ஒன்பது மணிக்கு மறுபடி ஒரு டீ. வீட்டில் இருக்கும் அந்தத் தாய் என்ன சாப்பிட்டாள்? மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து, அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றி, பிள்ளைகளுக்குத் தலை வாரி அனுப்பி விட்டு, மிச்சமிருந்த டீயைச் சூடு பண்ணிக் குடித்தாள். அவ்வளவுதான். வாயில் சோறு படும்போது மணி பதினொன்று.

இந்த இரண்டு பேருக்கும் காலையில் வயிற்றுக்குள் போனது எல்லாம் மாவும் சர்க்கரையும்தான். உடம்பைக் கட்டுகிற சத்து, அதாவது புரதச்சத்து, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இந்தப் பாடத்தில் பத்தே நிமிடத்தில் தயாராகிற ஒரு பானத்தைச் சொல்லப் போகிறோம். மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம். அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை. கடலை மோர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இதைக் கணவன் மனைவி இருவருமே படிக்க வேண்டும். மனைவி படித்து விட்டுக் கணவனுக்கு மட்டும் செய்து கொடுப்பதற்காக இதை எழுதவில்லை.

மாவுச்சத்து என்ன கெடுதல் செய்தது?

கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. உழைக்கிற உடம்புக்கு மாவுச்சத்து வேண்டும். ஆனால் அளவு? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் வயது வந்த நூறு பேரில் ஏறத்தாழ 11 பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்றும், இன்னும் 15 பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள் என்றும் சொல்லியது. பட்டணத்து வியாதி, உட்கார்ந்து தின்கிறவர்கள் வியாதி என்ற பேச்செல்லாம் பழைய பேச்சு. 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு கிராமங்களில் எத்தனை வீட்டு வாசலுக்குச் சர்க்கரை மாத்திரை வரத் தொடங்கியது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை 5 கிராம். ஒரு டீக்கு இரண்டு கரண்டி. நாளைக்கு நாலு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை டீயிலேயே போய் விட்டது. வெல்லம் போட்டால், கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் உண்டு. சர்க்கரை வியாதிக்காரரின் ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இன்னொரு எண்ணமும் நம் பக்கம் வேரோடிக் கிடக்கிறது. "அரிசிதான் சர்க்கரையை ஏத்தும், கேப்பைக்கூழு ஏத்தாது" என்பது. கேழ்வரகு நல்ல தானியந்தான். சுண்ணாம்புச் சத்து நிறைய உண்டு. ஆனால் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலைப் புரட்டினால், 100 கிராம் கேழ்வரகில் 67 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. புரதம் 7 கிராம்தான். அரிசியில் மாவுச்சத்து 78, புரதம் 8. இரண்டும் பங்காளிகள்தாம். அதிலும் கேழ்வரகை நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி ஒரே மடக்காகக் குடித்தால், அது சீக்கிரமே சர்க்கரையாகி ரத்தத்தில் இறங்கி விடும். களியாகவோ அடையாகவோ, கீரையும் பருப்பும் கூட வைத்து, அளவாகச் சாப்பிடுவது வேறு. சொம்பு நிறையக் குடிப்பது வேறு.

நிலக்கடலையைப் பாருங்கள். 100 கிராமில் புரதம் 24 கிராம் வரை. மாவுச்சத்து 17 கிராம்தான். பொட்டுக்கடலையில் புரதம் ஏறத்தாழ 22 கிராம். அதில் மாவுச்சத்து பாதி எடையளவு உண்டு என்பதால்தான் அதைக் குறைவாகச் சேர்க்கச் சொல்கிறோம்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? உடல் எடையில் கிலோவுக்கு முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் மேலே, 0.83 கிராம் என்று கணக்கு. 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு 50 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம். பார்த்தீர்களா, நாலு கிராம்தான் வித்தியாசம்! ஆனால் நம் வீட்டுத் தட்டுகளில் வித்தியாசம் அவ்வளவு கொஞ்சமாகவா இருக்கிறது? முட்டை அவருக்கு, குழம்பு இவளுக்கு.

பத்து நாளைக்கு மாவு

மளிகைக் கடையில் 400 கிராம் நிலக்கடலைப் பருப்பும் 200 கிராம் பொட்டுக்கடலையும் வாங்குங்கள். இரண்டு பேருக்குப் பத்து நாளைக்குச் சரியாக வரும். அதற்கு மேல் சேர்த்து அரைத்து வைக்க வேண்டாம். கடலை மாவில் எண்ணெய் உண்டு. நாள்பட்டால் காறல் வாடை வந்து விடும்.

அரைப்பதற்கு முன்னால் கடலையை முறத்தில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். இது முக்கியம். கறுத்தது, சுருங்கியது, பச்சையாகவோ சாம்பலாகவோ பூஞ்சை படிந்தது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறியுங்கள். கோழிக்கும் போடாதீர்கள். மழையில் நனைந்த கடலையிலும், ஈரமாக மூட்டை கட்டிய கடலையிலும் வருகிற பூஞ்சையில் அஃப்ளாடாக்சின் என்ற விஷம் உண்டாகிறது. அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுக்கப் போகாது. சொந்தக் காட்டில் விளைந்ததென்றால், நல்லதையெல்லாம் கமிட்டிக்கு அனுப்பி விட்டுச் சொத்தையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேண்டாம், தாயே. வீட்டுக்கு நாலு படி நல்ல கடலையை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

பொறுக்கிய பருப்பை வாணலியில் போட்டு, சிறு தீயில், தோல் கையால் உரிகிற பதத்துக்கு வறுங்கள். கருக விடாதீர்கள். ஆறிய பின் கசக்கி முறத்தில் புடைத்தால் தோல் பறந்து விடும். மிக்சியில் முதலில் பொட்டுக்கடலையைத் தனியாக அரையுங்கள். அது மாவானதும் நிலக்கடலையைச் சேர்த்து விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகி விடும். பொட்டுக்கடலை மாவு கூட இருந்தால் அந்த எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஈரமில்லாத டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். ஈரக்கரண்டி உள்ளே போகக் கூடாது.

"கடலை பித்தமாச்சே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பச்சைக் கடலையை மடி நிறையத் தின்றால் வயிறு பேசத்தான் செய்யும். ஒருவருக்கு இங்கே போவது 20 கிராம், அதாவது ஒரு சின்னக் கைப்பிடி. அதுவும் வறுத்து, தோல் போக்கியது. கூடவே ஒரு துண்டு இஞ்சியும் சீரகமும் போடுகிறோம். அத்தைக்கு ஒரு டம்ளர் கொடுத்துப் பாருங்கள், அப்புறம் அவரே கேட்பார்.

காலையில் கலக்கும் முறை

இரண்டு பேருக்கு: முன்தினம் இரவு உறை ஊற்றிய தயிர் 300 மில்லி. அதாவது டீ குடிக்கிற பெரிய டம்ளரில் ஒன்றரை. மாவு ஆறு மேசைக்கரண்டி, கொஞ்சம் குவித்து. இது 60 கிராம் அளவுக்கு வரும். ஒரு துண்டு இஞ்சி, ஒரு சிட்டிகை சீரகத் தூள், கறிவேப்பிலை, பாதிப் பச்சை மிளகாய், கொஞ்சமாக உப்பு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை இன்னும் குறையுங்கள். மாங்காய்த் துண்டோ எலுமிச்சையோ அந்தக் குறையைத் தீர்க்கும்.

முதலில் மாவைக் கொஞ்சம் தயிரில் குழைத்துக்கொள்ளுங்கள். கட்டியில்லாமல் குழைந்த பிறகு மீதித் தயிரையும், காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஒரு டம்ளரையும் விட்டுக் கடையுங்கள். மிக்சி வேண்டுமென்பதில்லை. விடியற்காலையில் கரண்டு போனாலும் மத்து எங்கும் போகாது. கடைந்ததும் குடித்து விட வேண்டும். வைத்தால் பொட்டுக்கடலை ஊறிக் கெட்டியாகி விடும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் சரியாகும். வரப்புக்கு எடுத்துப் போகிறவர் தயிரையும் மாவையும் தனித்தனியாக எடுத்துப் போய் அங்கே கலக்கட்டும்.

ஒரு டம்ளரில் ஏறத்தாழ 12 கிராம் புரதம் இருக்கும். மாவுச்சத்து 15 கிராமை ஒட்டி நிற்கும். 60 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழில் இதே கணக்கு தலைகீழ்: மாவுச்சத்து 40, புரதம் 4. கூட ஒரு அவித்த முட்டை சாப்பிட்டால் இன்னும் 6 கிராம் புரதம் சேரும். முட்டையை அவித்தே சாப்பிடுங்கள். பயில்வான்கள் பச்சை முட்டையைப் பாலில் உடைத்து ஊற்றிக் குடிப்பார்கள் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். பச்சை முட்டையில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் கிருமி இருக்கலாம். அவித்த முட்டையின் புரதம் பச்சை முட்டையின் புரதத்தை விட நன்றாகச் செரிக்கவும் செய்யும்.

மோர் ஒத்துக்கொள்ளாதவர்கள், வீட்டில் பால் மாடு இல்லாதவர்கள் கடலைப் பால் செய்யலாம். ஆளுக்கு 40 கிராம் நிலக்கடலையை இரவே ஊறப் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டி விட்டு, புதுத் தண்ணீரில் ஒரு கொதி நன்றாக வேக வைத்து, விழுதாக அரைத்து, வெந்நீர் விட்டுக் கரைத்துக் குடியுங்கள். வடிகட்டிச் சக்கையை எறிய வேண்டாம். சுக்கும் ஏலமும் போட்டால் மணமாக இருக்கும். வெல்லம் போட்டால் எடுத்த காரியம் கெட்டது.

மாடு இருக்கிற வீட்டுக்கு ஒரு வார்த்தை. சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலில் 300 மில்லியை வீட்டில் நிறுத்துங்கள். "அது ஒரு நாளைக்கு இத்தனை ரூபாய் ஆச்சே" என்று கணவன்மார்கள் கணக்குப் பார்ப்பது இயற்கை. அந்த ரூபாய் டீக்கடையில் பன்னுக்கும் டீக்கும் போகிறதா இல்லையா என்பதையும் அதே கணக்கில் எழுதுங்கள்.

டப்பாவில் வரும் புரதப் பவுடர் வாங்கலாமா? வாலிபர்கள் கேட்கிறார்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே, புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி சொல்லியிருக்கிறது. சாக்லேட் நிறத்தில் பாலில் கலக்கும் மால்ட் மாவுகள் வேறு வகை. அவற்றில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். டப்பாவின் பின்பக்கம் சிறு எழுத்தில் அச்சடித்திருக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை இரண்டு தரம் படியுங்கள்

முதலில் சொன்ன அந்தத் தம்பதியையே எடுத்துக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வருடமாக மாத்திரை. கடலை மோர் பழகி மூன்று நாள். ஐந்தரை மணிக்கு மாத்திரையை விழுங்கி விட்டு ஒரு டம்ளர் மோர் குடித்துப் போனவர், வேலை மும்முரத்தில் வேறெதுவும் சாப்பிடவில்லை. பத்தரை மணிக்குக் கை நடுங்குகிறது. வேர்த்துக் கொட்டுகிறது. கண் இருட்டுகிறது. பக்கத்து வயல்காரர் என்ன நினைப்பார்? "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டாப்ல."

குடி இல்லை. சர்க்கரை இறங்கி விட்டது. பழைய மாத்திரை அளவு, அவர் பன்னும் டீயும் இட்லியும் சாப்பிட்ட காலத்துக்குக் கொடுத்தது. மாவுச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்து விட்டு அதே மாத்திரையைப் போட்டால், உள்ளே இருக்கிற கொஞ்சத்தையும் அது இறக்கி விடும். கிளிபென்கிளமைட், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் இப்படிச் செய்யக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளிலும் மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் வேறு வித ஆபத்து உண்டு. ஆகவே மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். "காலைச் சாப்பாட்டை இப்படி மாத்தப் போறேன் டாக்டர், மாத்திரை இதே அளவு போடலாமா?" என்று கேளுங்கள். கேட்ட பிறகு தொடங்குங்கள். தானாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

நடுக்கம் வந்து விட்டால் மனைவி என்ன செய்ய வேண்டும்? மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. "சர்க்கரைக்காரருக்குச் சர்க்கரை குடுக்கலாமா" என்று யோசிக்காதீர்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு தரம் கொடுங்கள். தெளிந்ததும் சோறோ இட்லியோ சாப்பிட வையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். வயலுக்குப் போகிறவரின் சட்டைப் பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை எப்போதும் இருக்கட்டும்.

யாருக்கு இது போதாது, யாருக்கு வேண்டாம்?

கர்ப்பிணித் தாய்மார்கள் மாவுச்சத்தைக் குறைக்கக் கூடாது. கடலை மோரைக் குடியுங்கள், அதன் பிறகு இட்லியும் சாப்பிடுங்கள். பால் கொடுக்கிற தாய்க்கும் அப்படியே. சத்து மாத்திரை என்று நர்சம்மா கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை மோரோடும் டீயோடும் விழுங்க வேண்டாம். பாலும் டீயும் இரும்பை உடம்பில் சேர விடாது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் விட்டு, எலுமிச்சை பிழிந்த தண்ணீரோடு போடலாம்.

பிள்ளைகளுக்கு இது காலைச் சாப்பாடாக ஆகாது. அவர்கள் ஓடியாடுகிறவர்கள், இட்லி, பொங்கல், பருப்பு, முட்டை எல்லாம் வேண்டும். அங்கன்வாடியில் கொடுக்கிற சத்துமாவு அவர்களுக்காக இனிப்புச் சேர்த்துச் செய்தது. அதைச் சர்க்கரை வியாதிக்காரத் தாத்தா உருண்டை பிடித்துச் சாப்பிடுவதை நாங்களே பார்த்திருக்கிறோம். பிள்ளைக்கும் நட்டம், தாத்தாவுக்கும் கேடு.

சிறுநீரகம் பழுதுபட்டவர்கள், டாக்டர் புரதத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். கடலை சாப்பிட்டால் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடித்துப் போவது, மூச்சு இழுப்பது என்று இருந்தால் அவருக்குக் கடலை ஒரு துளியும் ஆகாது.

கடைசியாக, நர்சம்மாவிடம் ஒரு தாய் கேட்ட கேள்வி.

"ரெண்டு டம்ளருக்குக் கலக்குனா, அவரு ஒண்ணரை குடிச்சிடறாரு. மிச்சம் அரைதான் எனக்கு. நான் என்ன பண்ணட்டும் நர்சம்மா?"

"நீ அவருக்கு முன்னாடி குடிச்சிடு, தங்கச்சி."

"ஆம்பளைக்கு முன்னாடியா?"

"மாடு கறக்குறது நீ, தயிரு ஒறை ஊத்துறது நீ, மாவு அரைக்கிறது நீ. கடைஞ்சதும் ரெண்டு டம்ளர்ல சரிசமமா ஊத்தி ரெண்டையும் திண்ணையில வை. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் குடிங்க. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொன்னா அடுத்த புதன்கிழமை ஊசி போடற அன்னைக்கு அவரையும் கூட்டிட்டு வா, உன் எடையையும் ரத்தத்தையும் அவரு முன்னாலயே பாத்துச் சொல்றேன்."

அடுத்த புதன்கிழமை அவர் வந்தார். அவருக்கும் ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள். இருவரும் எடை பார்க்கும் மிஷினில் ஏறி இறங்கி, மாவு அளக்கிற கரண்டி எது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.